மணிலாக்காரர் கடையில் மத்தியானச் சாப்பாடு

தாது வருஷம், ஐப்பசி 3, திங்கள்

மூட்டம். மழை இல்லை. துவைத்த துணி காயவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவிநாசியிலிருந்து பஸ்ஸில் கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன். மகள் வள்ளியம்மாள் வீடு. இறங்குகிற அவசரத்தில் மூக்குக் கண்ணாடியின் ஒரு காது முறிந்துபோயிற்று. நூல் கட்டி மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். தாள்கள் பேத்தி சரசு பள்ளிக்கூடத்தில் மிச்சம் பிடித்தவை. வெறும் தாளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் காலத்திலேயே அஞ்சாவது வரை படித்தவள். எங்கள் ஊரில் அப்போது எழுதத் தெரிந்த பெண் என்னைத் தவிர கிடையாது.

வந்த காரியம்: சரசுவுக்குச் சோமனூரில் ஒரு இடம். சொந்தக் காடு, கிணறு, வீட்டில் தறி. பையன் பெயர் குமாரசாமி. வெள்ளிக்கிழமை கோனியம்மன் கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிறார்கள். பையனின் அப்பா வாய் திறக்காதவராம். முடிவு சொல்வது அம்மா தெய்வானையம்மாள்தான். இனிமேல் சோ. அம்மாள் என்று எழுதுவேன். தாள் மிச்சம்.

சரசுவுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிற்று. "படிச்ச புள்ளை, காட்டு வேலைக்கு வளையாது" என்று இரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வார்த்தை. இதுவும் போனால் வள்ளி படுத்துவிடுவாள்.

சரசுவைத் தனியே கேட்டேன். உனக்கு எப்படி? தாவணி நுனியைத் திருகினாள். "போன மாரியாத்தா நோம்பியில பாத்தேன் அம்மிச்சி. கையில என்ன புஸ்தகம்னு கேட்டாரு. சொன்னேன். சிரிக்கல."

போதும். புரிந்துகொண்டேன்.

மறக்குமுன் ஒன்று. நேற்று ஜட்கா வண்டிக்காரன் ரங்கன் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் கூட்ஸ் ஷெட் வீதி வழியாக வந்தான். அங்கே ஒரு ஓட்டு வீட்டு வாசலில் பலகை. சுண்ணக்கட்டி எழுத்து. 'மணிலா சீனா பகல் சாப்பாடு. மலிவு.' மேலே சிவப்புக் காகிதக் கூண்டு விளக்கு. உள்ளேயிருந்து வாசனை. பூண்டு. ஆனால் நம் வீட்டுப் பூண்டு வாசனை இல்லை. வேறு ஏதோ சேர்ந்த பூண்டு.

வள்ளியின் புருஷன், என் மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். "ஐயோ, தவளை பாம்பெல்லாம் திங்கறவங்க அத்தை. அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தறாதீங்க."

"நீங்க போய்ப் பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"நான் எதுக்குங்க போறேன்?"

பார்க்காமலே தவளை.

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். வியாழக்கிழமை தருவானாம். அதுவரை குருடியாக இருப்பதா என்றேன். "இன்னொரு நூல் கட்டிக்குங்க பாட்டி" என்றான். பாட்டியாம். கடைக்காரனுக்கே தலை முழுக்க நரை.

வெளியே வந்தால் உச்சி வேளை. பசி. முந்தானை முடிச்சில் என் சிலுவாடு இருந்தது. எருமை மோர் விற்று, கோழி முட்டை விற்று வீட்டுக்காரருக்குக் கணக்குக் காட்டாமல் சேர்த்தது. அதில் ரங்கனின் வண்டிக் கூலியை ஒதுக்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்றணா. அதற்கு மேல் செலவழித்தால் தீபாவளிக்குச் சரசுவுக்கு வளையல் இல்லை.

"ஊட்டுக்குங்களா?" என்றான் ரங்கன்.

"கூட்ஸ் ஷெட் வீதி வழியாப் போ."

"அது சுத்துங்."

"சுத்தட்டும்."

வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே நாலு மேசை, பெஞ்சு. மேசை மேல் மெழுகுத் துணி. ரயில்வே பிட்டர்கள் இரண்டு பேர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்த, பாதி வெள்ளைக்காரரான சட்டைக்காரர் ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் எல்லாரையும் பார்த்தேன். சரியாகப் போயிற்று.

கடைக்காரி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். மஞ்சள் நிறம், சின்னக் கண், கொண்டை. கவுன் போட்டு அதன் மேல் நம் ஊர்த் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். வாய் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாங்க, உக்காருங்க. என்னங்க வேணுங்க?"

எங்கள் ஊர்ப் பால்காரி பேசுகிற பேச்சு! கேட்டால், தமிழ் கற்றுக்கொண்டது பால்காரியிடம்தானாம்.

"மாடு போடுவியா?"

"இல்லைங்க."

"பன்னி?"

"இல்லைங்க."

"தவளை?"

சிரித்தாள். "மழை பெஞ்சா வருதுங்க. தொரத்தி உட்டுருவேங்க."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பெயர் ரோசா. உட்கார்ந்தேன்.

வந்தது: ஒரு தட்டு நிறைய நீள நீளமாக நூல் மாதிரி. எண்ணெயில் புரட்டி, கோசு, கேரட்டு, முட்டை, கோழிக்கறி நார் நாராக. ஓரத்தில் எலுமிச்சம்பழத் துண்டு. பெயர் பன்சித். கையில் ஒரு கரண்டி கொடுத்தாள், ஒரு முள்ளும் கொடுத்தாள். முள்ளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரண்டியில் எடுத்தால் பாதி நழுவி மறுபடி தட்டுக்கே போகிறது. கறுப்பாக ஒரு தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். உப்பு. கருவாட்டு வாடை இல்லை, புளிப்பும் இல்லை. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வாயில் கண்டுபிடித்துவிட்டேன். சந்தகை! நாம் அரிசி மாவை வேகவைத்துப் பிழிகிற அதே சந்தகை!

"ஆமாங்க," என்றாள் ரோசா. "எங்க ஊர் நூல் இங்க கெடைக்காதுங்க. பக்கத்து வளவுல ஒரு அம்மா புழிஞ்சு தராங்க. காய வெச்சு, அப்புறம் வறுக்கறேங்க."

நான் இத்தனை வருஷமாகத் தேங்காய்ப் பாலும் வெல்லமும் மட்டும் ஊற்றித் தின்றிருக்கிறேன். அதே சந்தகை இப்படியும் ஆகும் என்று யார் கண்டது.

மூன்றணாவுக்குள் முடிந்தது. வீட்டில் சொல்லவில்லை. "கண்ணாடிக் கடையில் கூட்டம்" என்றேன்.

ஐப்பசி 5, புதன்

இரவெல்லாம் மழை. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன். காலையில் வழக்கத்தைவிட நன்றாகப் பசித்தது.

வள்ளி வெள்ளிக்கிழமை நினைப்பிலேயே இருக்கிறாள். "கோயில்ல இருந்து ஊட்டுக்குக் கூப்பிடலாங்களா அம்மா?" கூப்பிட்டால் வரமாட்டார்கள். வந்தாலும் காபி குடிப்பார்கள், சோறு தின்ன மாட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்மதம் சொல்கிறவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு தட்டு மாற்றுவது, நாள் குறிப்பது எல்லாம் சும்மா சடங்கு. எனக்குத் தெரிந்து ஒரு மாமனார் பசி தாங்காமல் ரெண்டு வாய் மோர்ச்சோறு தின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் பெண் எடுத்தார். நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

மத்தியானம் வீட்டில் சந்தகை. மிச்சமிருந்ததை நான் எடுத்து முட்டை, கோசு போட்டு எண்ணெயில் வறுத்தேன். கறுப்புத் தண்ணீருக்குப் பதில் மிளகும் உப்பும். மாப்பிள்ளை வந்தார். இதென்னங்க அத்தை என்றார். புது மாதிரி உப்புமா என்றேன். மூன்று தட்டு தின்றார். சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதுவும் ஒளிக்க முடியாது.

கோசு அரை வீசை வாங்க வேண்டும். தேங்காயெண்ணெய் தீர்ந்தது.

ஐப்பசி 6, வியாழன்

வெயில்.

கண்ணாடி வந்தது. உலகம் திரும்பக் கிடைத்தது. கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பலகை எழுத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. கூட்ஸ் ஷெட் வீதிப் பலகைதான் ஞாபகம் வந்தது.

இன்றைக்கு நேரே அடுப்படிக்கே போய்விட்டேன். ரோசா தடுக்கவில்லை. இரண்டு கரி அடுப்பு. குண்டு அடியுள்ள ஒரு பெரிய இரும்புச் சட்டி, நம் பணியாரக் குழியை ஒரே குழியாக ஆக்கியது போல. சுத்தம். வள்ளி வீட்டு அடுப்படியைவிடச் சுத்தம், இதை அவளிடம் சொல்லக்கூடாது.

தின்றது: பூண்டுச் சோறு, கோழி. பழைய சோற்றை உதிர்த்துப் பூண்டைச் சிவக்க வறுத்துப் புரட்டுகிறாள். கோழியைக் காடி ஊற்றி வேகவைக்கிறாள். மிளகு, பிரிஞ்சி இலை, பூண்டு. மிளகாய் ஒன்றுகூட இல்லை! மிளகாய் இல்லாமல் கோழி ருசிக்கும் என்பதை இந்த வயசில்தான் தெரிந்துகொண்டேன். ரெண்டு நாள் வைத்தாலும் கெடாதாம். காடிக்கு எங்கே போகிறாய் என்றேன். தென்னங்கள்ளைப் புளிக்க வைக்கிறாளாம். அதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

புருஷன் வந்தார். மெலிந்த மனிதர், கிராப்புத் தலை. மணிலாவில் பிறந்து, ரங்கூன், மெட்ராஸ் எல்லாம் சுற்றியவர். கொட்டகையில் ஊமைப் படம் ஓடும்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிடில் வாசிக்கிற உத்தியோகம். படங்கள் பேசவும் பாடவும் ஆரம்பித்ததும் இவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீடு கடல் தாண்டி இருக்கிறது. கப்பலுக்குக் காசில்லை. சோறாக்கிப் போட்டுச் சேர்க்கிறார்கள்.

"எங்கப்பா சீனா, அம்மா மணிலா, ஊட்டுக்காரரு மணிலா, கடை கோயமுத்தூருங்க," என்றாள் ரோசா.

வியாபாரிகள் கடலைக்காயை மணிலாக்கொட்டை என்பார்களே, அந்த மணிலாவா என்று கேட்டேன். அவர் சிரித்து ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் காட்டில் விளைவது உங்கள் ஊர்ச் சரக்கா என்றேன். உங்கள் சந்தகை எங்கள் சட்டியில் வேகிறதே என்றார், அரைத் தமிழில். சரிக்குச் சரி.

பேத்தி என்னை அம்மிச்சி என்று கூப்பிடுவாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ரோசாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இத்தோடு போதும். நாளைக்குப் பெண் பார்க்கிறார்கள். யாராவது பார்த்து, சோமனூர் வரைக்கும் போய், தவளை தின்கிற கிழவி வீட்டுப் பெண் என்று ஆகிவிட்டால்? சிலுவாடும் கரைகிறது. இனி அந்தப் பக்கம் போவதில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

காலையில் வெயில் அடித்து ஏமாற்றியது. இப்போது கொட்டுகிறது. கால் வலி. எழுதாமல் படுக்க முடியாது.

கோயிலுக்கு அவர்கள் மூன்று பேர். பையன், சோ. அம்மாள், தரகர் குப்பண்ணன். நாங்கள் வள்ளி, சரசு, நான். மாப்பிள்ளை கும்பிடு போட்டுவிட்டுப் பஞ்சாலைக்கு ஓடிவிட்டார்.

பையன் உயரம். காது கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை. அவனும் சரசுவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே குத்துவிளக்கைப் பார்த்தார்கள்.

சோ. அம்மாள் கறுப்பு, ஒல்லி, நிமிர்ந்த நடை. பேச்சே இல்லை. பேச்சில்லாத இடத்தில் நான் பேசுவேன். எங்க சரசு எட்டாவது முடிச்சவ. நானே அந்தக் காலத்துல அஞ்சாவதுங்க. பேப்பர் வந்தா எங்கூட்டுல நான்தான் முதல்ல. கடுதாசி எழுதோணும்னா ஊரே என்கிட்டத்தான் வரும். "அப்படிங்களா" என்றார். நான் மேலும் சொல்லச் சொல்ல அந்த "அப்படிங்களா" சின்னதாகிக்கொண்டே போயிற்று. வள்ளி என் முழங்கையை இடித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

மழை பிடித்தது. அவர்களை ரயிலேற்றிவிட எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் தண்டவாளத்தில் தண்ணீராம். வண்டி எப்போது வருமோ தெரியாது. காபி கிளப்பில் கூட்டம், சோறு தீர்ந்துவிட்டது. சோ. அம்மாள் கோயிலுக்கு வருகிறோம் என்று விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"அம்மா!" என்று பையன் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு.

என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "பின்னாடி வீதியில ஒரு கடை இருக்குது."

"அந்தத் தவளைக் கடையா?" என்றார் குப்பண்ணன். "ஏனுங்கம்மா, தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"கடையோ என்னவோ, அம்மாவுக்கு ஏதாச்சும் குடுக்கோணுங்க," என்றான் பையன். கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம்.

வாசலில் கால் வைத்ததும் ரோசா ஓடி வந்தாள், முகமெல்லாம் பல். "வாங்க அம்மிச்சி! அதே பன்சித்துங்களா?"

வள்ளி பார்த்த பார்வையை எழுத வேண்டாம். சரசு உதட்டைக் கடித்தாள். சோ. அம்மாள் என்னைப் பார்த்தார், ரோசாவைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை, கவுச்சி ஆகாது," என்றேன்.

"தெரியுங்க. தனிச் சட்டிங்க."

சுவரில் ஒரு பலகை, இன்றைக்கு என்னென்ன என்று. குப்பண்ணன் அதைக் காட்டி, "எது வேணும்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். சோ. அம்மாள் பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று சரசு பாடம் ஒப்பிப்பது போல மேலிருந்து கீழ்வரை வாசிக்க ஆரம்பித்தாள். "பன்சித், வறுத்த சந்தகை. லும்பியா, கோசு வெச்ச சுருள். பூண்டுச் சோறு. இஞ்சிக் கஞ்சி." பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படியா வாயாடுவது? மேசைக்கடியில் தொடையில் கிள்ளினேன். நிறுத்தவில்லை. கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் தலை குனிந்தாள்.

"அந்த ரெண்டாவது சொன்னது," என்றார் சோ. அம்மாள். "அப்புறம் சோறு கொஞ்சம்."

லும்பியா வந்தது. சின்னப் பாயைச் சுருட்டிப் பொரித்தது போல. அவர் கையால் தொடப் போனார். சூடு. ரோசா கரண்டியைக் கையில் வைத்து அழுத்தினாள். கரண்டியால் உடைத்து உள்ளே என்ன என்று குனிந்து ஆராய்ந்தார். "கோசுதான்," என்றார், யாரிடமோ. தின்றார். இன்னொன்றும் தின்றார். பூண்டுச் சோற்றையும் கரண்டியாலேயே மெதுவாகத் தின்றார். முகத்தில் தெளிவு வந்தது. நாங்களும் தின்றோம். பையன் நன்றாகத் தின்றான்.

காசுக்கு நான் முடிச்சை அவிழ்ப்பதற்குள் சோ. அம்மாள் சுருக்குப் பையைத் திறந்துவிட்டார். "எங்க பங்கு நாங்க குடுத்தர்றோம்." மூன்று பேருக்கும் எண்ணி வைத்தார். என் கை அந்தரத்தில்.

வண்டி வந்தது. குப்பண்ணன் நல்லவர், நல்லதுக்குத்தான் சொன்னார். "ஒரே மேசையில ஒண்ணா உக்காந்து சோறு தின்னாச்சு! கை நனைஞ்சு போச்சு! தையில கல்யாணந்தான்!"

சோ. அம்மாள் படியில் ஏறினவர் திரும்பினார்.

"கரண்டியில தின்னதுங்க. கை நனையல."

வண்டி போய்விட்டது.

ஐப்பசி 8, சனி

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

வள்ளி காலையில் பேசவில்லை. மத்தியானம் பேசினாள். "உங்க நாக்குக்கு என்ற புள்ளை வாழ்க்கைதானா கெடைச்சுது? கண்ணாடிக் கடையில கூட்டமாம் கூட்டம்!" அழுதாள். நான் தலைச்சுற்றலைச் சொன்னேன், மழையைச் சொன்னேன். "ஒரு பழம் வாங்கிக் குடுத்திருக்கலாமே" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மை.

மாப்பிள்ளைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "தவளை தின்னீங்களா அத்தை?"

"புதன்கிழமை நீங்கதான் மூணு தட்டு தின்னீங்க மாப்பிள்ளை."

கொல்லைப்பக்கம் போய்விட்டார், வாயைக் கொப்பளிக்க.

ஐப்பசி 9, ஞாயிறு

ஒன்றும் விசேஷமில்லை. ஊரில் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்தார்களோ என்னவோ, வீட்டுக்காரருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது.

சரசு அழவில்லை. வெங்காயம் உரித்தபடி, "அந்த இஞ்சிக் கஞ்சி எப்படி இருக்கும் அம்மிச்சி?" என்று கேட்டாள். கோழிச்சாற்றில் அரிசியைக் குழைய விட்டு இஞ்சி போடுவது, ரோசா சொல்லியிருக்கிறாள், நான் தின்றதில்லை என்றேன். சரி, எதற்கடி பலகையை அப்படி வாசித்தாய்? "சும்மா" என்றாள். மறுபடி கேட்டேன். சும்மாதான். கண்ணில் தண்ணீர். வெங்காயமா வேறா தெரியவில்லை.

ஐப்பசி 10, திங்கள்

குப்பண்ணன் வந்தார். வெற்றிலை போடவில்லை. அதிலேயே தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லியுட்டாங்க."

எங்கள் பக்கத்தில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அன்னூரில் ஒரு பெண் இருக்கிறாளாம், படிக்காத பெண், மாட்டைக் கறக்கும், களை வெட்டும். வள்ளி தலையில் பற்றுப் போட்டுப் படுத்துவிட்டாள். சரசு மாடத்து விளக்கைத் துடைத்தாள். துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தாள்.

யோசித்துப் பார்க்கிறேன். கடைக்குக் கூட்டிப்போனது தப்பா? முன்பே போனதா? ஒளித்ததா? சரசு வாயாடியதா? எதுவென்று தெரிந்தால் அதற்கு மட்டும் வருத்தப்படலாம்.

நாளை மறுநாள் ஊருக்குப் புறப்படுகிறேன்.

ஐப்பசி 12, புதன்

பளிச்சென்று வெயில். கழுவிவிட்ட மாதிரி வானம்.

மூட்டை கட்டி வைத்திருந்தேன். ரங்கன் வண்டியோடு வந்தான். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்றேன். கிட்டே வந்து குரலைத் தணித்தான். "சோமனூர் அம்மா ரயில்ல வந்திருக்காங்க. உங்களை மட்டும் கூட்டியாரச் சொன்னாங்க."

"எங்கே?"

"அங்கதானுங்க. கூட்ஸ் ஷெட் வீதி."

வள்ளியிடம் சொல்லவில்லை. மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அதே மேசை. தனியாக உட்கார்ந்திருந்தார். ரோசா தூரத்தில் நின்று எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளும் என்னவோ கெட்டுப்போயிற்று என்று தெரிந்துகொண்டிருக்கிறாள், பாவம்.

"உக்காருங்க அக்கா," என்றார். அக்கா என்கிறார். "உங்கூட்டுக்கு வந்திருக்கலாமுங்க. வந்தா சோறு போட்டுருவீங்க. வேண்டாம்னு சொல்லோணும்னாலும் சொல்ல முடியாது. அதுதான் இங்க."

"வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

"கேக்க வந்தனுங்க. நீங்க இங்க முன்னாலயே வந்து தின்னிருக்கீங்க. எதுக்குங்க?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். "என்னன்னு பாக்கத்தான்," என்றேன்.

"பயமா இல்லீங்களா?"

"இருந்துது. ஊருக்குத் தெரிஞ்சா சரசுக்கு எடம் அமையாதுன்னு பயம்தான். ஆனாப் பசி. வாசமும் நல்லா இருந்துது."

சிரித்தார். அன்றைக்குக் கோயிலில் பார்க்காத சிரிப்பு. முன்பல் ஒன்று இல்லை. "நானும் அஞ்சு நாளா அந்தச் சுருளையே நெனைச்சுட்டு இருக்கறேன். ஊட்டுல சொன்னா அடிக்க வருவாங்க."

பிறகு மெழுகுத் துணியை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒரு எழுத்துத் தெரியாதுங்க அக்கா. கோயில்ல நீங்க அஞ்சாவது அஞ்சாவதுன்னு சொல்லச் சொல்ல நான் சின்னதாயிட்டே போனேன். இந்த ஊட்டுல பொண்ணெடுத்தா, என்ற ஊட்டுல நானே வந்து போற ஒறம்பரையாட்டம் ஒதுங்கி உக்காந்திருக்கோணும்னு நெனைச்சேன். வேண்டாம்னு அங்கயே முடிவு பண்ணிப்போட்டேன்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அப்புறம் இங்க வந்தமுங்க. தரகரு பலகையைக் காட்டிப் படிங்கன்னுட்டாரு. பையனுக்கு என்ற விஷயம் தெரியும், அவனும் தவிச்சான். உங்க பேத்தி என்ற மூஞ்சியைப் பாத்துச்சு. பலகையைப் பாத்துச்சு. வாசிச்சுது. ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்கே தெரியல. நீங்க கிள்ளுனீங்க, அதையும் பாத்தேன். வலிச்சும் அது நிறுத்தல."

சும்மா என்றாளே அந்தக் கழுதை. என்னிடம்கூட இந்தம்மாளைக் காட்டிக்கொடுக்கவில்லையே.

அப்புறம் கேட்டேன். "இது தெரிஞ்சும் வண்டி ஏறும்போது கை நனையலைன்னு சொன்னீங்களே?"

"கரண்டி கரண்டிதானுங்களே. நனைஞ்சாத்தானே நனைஞ்சுதுன்னு சொல்லோணும். ஊட்டுக்குப் போயி நல்லா ஒருக்கா யோசிக்கோணும்னு இருந்துது. யோசிச்சேன்." ரோசாவைக் கூப்பிட்டார். "ஏம்மணி, இன்னைக்குப் புதன்கெழமை. கோழி இருக்குதா?"

"இருக்குதுங்க! காடிக் கோழிங்க!"

"சோத்தோட கொண்டா. ரெண்டு பேருக்கு." என் பக்கம் திரும்பினார். "இன்னைக்குக் காசு நீங்கதான் குடுக்கோணும். நான் பையைத் தொட மாட்டேன்."

சிலுவாடு முடிச்சை அவிழ்த்தேன். வளையல் காசும் சேர்ந்து வந்தது. சரசுவுக்கு வளையல் இனி அவர்கள் போடட்டும்.

ரோசா தட்டுகளை வைத்தாள். ஆளுக்கொரு கரண்டியும் வைத்தாள். சோ. அம்மாள் எழுந்து பின்பக்கம் தொட்டிக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து கரண்டியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

ரோசா பதறிப்போனாள். "கரண்டி நல்லா இல்லைங்களா? வேற தாரேங்க, வேற தாரேங்க!"

"கரண்டியில ஒரு கொறையும் இல்லை கண்ணு," என்று சொல்லிவிட்டு, சோற்றில் கை வைத்தார்.